ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ‘பாயிண்ட் ஆஃப் என்ட்ரி’: எனக்கு மட்டும்தான் பிடிக்கிறதா?

குடமுருட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குட்டி யானை ஓட்டுகிறேன், சொந்த வண்டி. பண்டாரவாடை, ராஜகிரிப் பக்கம் கொடிக்கால்களில் வெற்றிலைக் கூடை ஏற்றி, ராத்திரி ஒன்றரை மணிக்குக் கிளம்பி, விடிவதற்குள் திருச்சியில் இறக்க வேண்டும். ஈரச்சாக்கு போட்டு மூடிய கூடைகள். அங்கங்கே நிறுத்தி டீ குடித்துத் தூக்கத்தைக் கலைக்கிற சௌகரியமெல்லாம் கிடையாது, எனக்குப் பாட்டுதான் டீ. இளையராஜாவைப் போட்டால் இரண்டாவது சரணத்தில் கண் சொருகிவிடும், அது அவர் குறை இல்லை, என் கண்ணின் குறை. அதனால் ஹெவி மெட்டல், கிதாரும் டிரம்ஸும் அதிரடியாக வருகிற ராக் இசை.

பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன் ஒருவன் பென் டிரைவில் ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்கிற இங்கிலாந்து மெட்டல் குழுவின் ஆல்பம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தான். எது முதலில் வந்தது, எது பேர் வாங்கியது, எதை எல்லாரும் திட்டுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல், வந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போனேன். அப்படித்தான் ‘பாயிண்ட் ஆஃப் என்ட்ரி’ மாட்டியது. ஆறு மாதமாக அதைத்தான் அதிகம் போடுகிறேன். காரணம் ரோடு. பாபநாசத்தில் இருந்து தஞ்சாவூர் வரைக்கும் ரோடு ரோடாகவே இருக்காது, வளைவு, வேகத்தடை, அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், நெல் கொள்முதல் நிலையமான டிபிசி வாசலில் லாரி வரிசை. தஞ்சாவூர் பைபாஸ் ஏறியதும்தான் கையைத் தளர்த்தி உட்காரலாம். அங்கே ‘ஹெடிங் அவுட் டு தி ஹைவே’யைப் போட்டால், வல்லம் தாண்டுகிற நேரத்துக்கு ஐந்தாவது பாட்டு ‘டெசர்ட் ப்ளெய்ன்ஸ்’ வரும். வல்லத்தில் நம்ம ஊர் வண்டல் முடிந்து செம்மண் மேடு ஆரம்பிக்கிறது, உங்களுக்குத் தெரியும். ராத்திரியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வயல் தண்ணீரின் வாடை சட்டென்று நின்று காற்று காய்ந்துபோகும். சரியாக அங்கே அந்த டிரம்ஸ். ஒரே ஓட்டம், குதிரை ஓடுகிற மாதிரி, இடையிடையே தூரத்தில் இடி உருள்வது போல ஒரு உருட்டு. ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வெற்றிலை போனால் போகட்டும் என்று, அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கடைசிப் பாட்டு முடியும்போது துவாக்குடி வந்துவிடும். ஏறக்குறைய 38 நிமிஷம், என் வண்டி போகிற வேகத்துக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி.

சரி, இவ்வளவு பிடித்திருக்கிறதே, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று தேடினால், எல்லாரும் இதைக் கடைசிப் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். 1980-இல் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, ஆகா. 1982-இல் ‘ஸ்க்ரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ்’, ஓகோ. நடுவில் 1981-இல் வந்த இது ஏதோ தவறி விழுந்தது போல ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். என் காதில்தான் கோளாறா? இல்லை, ராத்திரி ரோட்டில் கேட்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெண்ணாறு எழுதியது:

வாங்க ப்ரோ. காதில் கோளாறு இல்லை, ரோட்டின் தயவு என்று நினைக்கிறேன்.

நான் இதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட ஆள், எனக்கு ஒட்டவில்லை. முன்னால் வந்ததை நினைத்துப் பாருங்கள். ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தில் ஒரு துளி கொழுப்பு கிடையாது. இங்கிலாந்தில் அஸ்காட் பக்கத்தில் டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்ற வீடு, முன்னால் பீட்டில்ஸ் ஜான் லெனன் இருந்த வீடு, அப்போது ரிங்கோ ஸ்டார் கையில் இருந்தது, அங்கே பதிவு செய்தார்கள். பதிவு செய்த சத்தத்தை எடுத்து ஒட்டுகிற சாம்ப்ளிங் எல்லாம் இல்லாத காலம். ‘மெட்டல் காட்ஸ்’ பாட்டில் இயந்திர மனிதர்கள் நடக்கிற சத்தம் வேண்டும் என்று ஸ்பூன், ஃபோர்க் வைக்கிற தட்டைத் தூக்கிக் குலுக்கியிருக்கிறார்கள், ‘பிரேக்கிங் தி லா’வில் கண்ணாடி உடைகிற சத்தத்துக்குப் பால் பாட்டிலை உடைத்தார்கள். அப்படிப்பட்ட வெறி இருந்தவர்கள் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்பெயினில் இபிசா தீவுக்குப் போய் வெயிலில் காய்ந்துகொண்டு பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. கை கால் நீட்டிப் படுத்துக்கொண்ட மாதிரி.

இசைத்தட்டின் முதல் பக்கம் பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ‘ஹாட் ராக்கின்’ பாட்டைக் கேட்கலாம், ஆனால் வீடியோவைப் பார்த்துவிடாதீர்கள், ஜிம்மில் எடை தூக்குகிறார்கள், அப்புறம் மேடையில் ஷூவில் தீப்பிடிக்கிறது, சிரிப்பை அடக்க முடியாது. இரண்டாவது பக்கத்தில் ‘யூ சே யெஸ்’, ‘ஆல் தி வே’ இரண்டும் எதற்கு இருக்கின்றன என்றே எனக்கு இன்னும் புரியவில்லை. அமெரிக்க ரேடியோவில் ஓட வேண்டும் என்ற ஆசை பச்சையாகத் தெரிகிறது. ரேடியோவும் பெரிதாக மயங்கவில்லை. இங்கிலாந்து பட்டியலில் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ 4-ஆம் இடம், இது 14. அமெரிக்காவில் அது 34, இது 39. அடுத்து வந்த ‘ஸ்க்ரீமிங்’ அங்கே 17 வரை போனது. கணக்கே சொல்கிறதே.


பழைய டேப் எழுதியது:

குடமுருட்டி தம்பி, உன் காது நன்றாகத்தான் இருக்கிறது. வெண்ணாறு சொல்வதைக் கேட்டுப் பென் டிரைவை அழித்துவிடாதே.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஊர் மாயவரம். 84-இல் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது மெட்ராஸ் போகிற பையன்களிடம் காசு கொடுத்துவிட்டால் கேசட்டில் பதிவு செய்துகொண்டு வருவார்கள். அப்படி ஒரு 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க இந்த ஆல்பம், மறுபக்கம் யாருடையதோ டிஸ்கோ. கடை பெயரை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆனால் அவன் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம்தானே வரும்? 38 நிமிஷ ஆல்பத்தை ஏற்றியிருக்கிறான். எட்டாவது பாட்டு முடிகிற நேரத்தில் டேப்பும் முடியும், ‘டக்’ என்று பட்டன் மேலே எழும்பும். உறையில் பால்பாயிண்ட் பேனாவால் எட்டுப் பாட்டின் பெயரைத்தான் எழுதியிருந்தான், இல்லாததை எழுதவில்லை, அந்த மட்டுக்கும் நேர்மையானவன். ஆக இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஆல்பத்தில் எட்டே பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் மகன் சிடி வாங்கிக் கொடுத்த அன்று ‘ஆல் தி வே’ முடிந்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டேன், பட்டன் சத்தம் வரவில்லை, ‘ட்ரபுள்ஷூட்டர்’ ஆரம்பிக்கிறது. கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றேன். அப்புறம் ‘ஆன் தி ரன்’. அதில் பாடகர் ஹால்ஃபோர்ட் குரலை மேலே தூக்கிக்கொண்டு போகிற இடம் இருக்கிறதே! இந்த ஆல்பத்தில் அவர் அடக்கியே பாடுகிறார் என்று இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கடைசிப் பாட்டில் வைத்திருந்திருக்கிறார், எனக்குத்தான் வந்து சேரவில்லை.

வெண்ணாறு தம்பி, நீங்கள் சொல்கிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். 34-இல் இருந்து 39-க்கு இறங்கியதற்குப் பெயர் விழுவதா? அமெரிக்காவில் ஐந்து லட்சம் விற்றால் தருகிற கோல்டு விருதை வாங்கிய ஆல்பம் இது. அவர்களுடைய ஏழாவது ஆல்பம். பர்மிங்ஹாம், வெஸ்ட் ப்ராம்விச், வால்சல் என்று இரும்புப் பட்டறையும் புகைபோக்கியுமாக இருந்த ஊர்ப் பையன்கள். கிதார் வாசிக்கிற க்ளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். அந்தப் புகையை ஒரு ஆல்பத்தில் முழுக்கக் கொட்டியாகிவிட்டது. அப்புறமும் அதே பட்டறைச் சத்தத்தைத்தான் போட வேண்டுமா? ஹால்ஃபோர்ட் எழுபதுகளின் கடைசியிலேயே மேடைக்கு மோட்டார் சைக்கிளில் வந்த ஆள். அந்த வண்டி எங்கேயாவது போக வேண்டாமா? இந்த ஆல்பத்தில்தான் ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அமெரிக்காவில் வந்த பதிப்பின் அட்டையைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் பிரிண்டர் பேப்பர், ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக மடித்து மடித்து வருமே, ரயில் பெட்டியில் சார்ட் என்று ஒட்டுவார்களே அந்த மாதிரிப் பேப்பர், அதை வெட்டவெளியில் நீளமாக விரித்து ரோடு மாதிரி காட்டியிருப்பார்கள். மெட்டல் ஆல்பத்துக்கு இதென்ன அட்டை என்று கிண்டல் செய்யாத ஆள் இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊரில் ரோட்டோரம் நெல் காயப்போட்டிருப்பதுதான் ஞாபகம் வரும்.


குடமுருட்டி எழுதியது:

அண்ணே, எட்டுப் பாட்டுக் கதையைப் படித்துவிட்டு வண்டியில் தனியாகச் சிரித்தேன். பெட்ரோல் பங்க் பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

வெண்ணாறு, நீங்கள் சொன்ன அந்த இரண்டு பாட்டு வரும்போது நான் பெரும்பாலும் செங்கிப்பட்டி தாண்டி டோல்கேட் சில்லறை தேடிக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு அவை உறுத்தியதே இல்லை போலிருக்கிறது. இன்று கவனித்துக் கேட்கிறேன்.


தாளடி எழுதியது:

ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள், ஒரு விவசாயி நடுவில் வருகிறேன்.

நம்ம ஊரில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே வயலில் உளுந்து தெளித்துவிடுவோம் இல்லையா? மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும், அதிகத் தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. உழவு கிடையாது, நடவு கிடையாது. நெல்லை அறுத்துக்கொண்டு போன பிறகு, மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது பாட்டுக்கு வளரும். இந்த ஆல்பம் அந்த உளுந்து. 1980 ஏப்ரலில் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ வருகிறது, ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார்கள், அதே வருஷம் அக்டோபர், நவம்பரில் இபிசாவில் உட்கார்ந்து இதைப் பதிவு செய்கிறார்கள், 1981 பிப்ரவரியில் கடைக்கு வந்துவிடுகிறது. அதே ஐந்து பேர், அதே தயாரிப்பாளர் டாம் ஆலம். முந்தின வெள்ளாமையின் ஈரம் காயவே இல்லை. இதைப் போய் நெல் எடை போடுகிற தராசில் வைத்து, மூட்டை குறைகிறதே என்று வெண்ணாறு அழுதால் நான் என்ன செய்வது?

இபிசாவை ஏதோ உல்லாசப் பயணம் மாதிரி சொல்லிவிட்டார் அவர். எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ‘ஸ்க்ரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ்’ எங்கே பதிவானது? அதே இபிசா ஸ்டுடியோவில்தான். அதே வெயில்தான். வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

எனக்கு இதில் பிடித்தது ‘டர்னிங் சர்க்கிள்ஸ்’. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போடாமல், ரெண்டு பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சண்டையைப் பேசித் தீர்க்கிற மாதிரி ஒரு பாட்டு. என் வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் பாட்டே ஆகாது, டிராக்டரில் இது ஓடும்போது மட்டும் அணைக்கச் சொல்வதில்லை. காரணம் கேட்டதற்கு, ‘அவன் கத்தல’ என்றாள், அவ்வளவுதான் விமர்சனம்.


நாயனக்கார வீடு எழுதியது:

அண்ணன்மார்களே, நான் ஐடி வேலைதான், ஆனால் வீட்டில் நாலு தலைமுறையாக நாகஸ்வரம். அதனால் எனக்கு இந்த ஆல்பம் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

சின்ன வயதில் எங்கள் தாத்தா திருவீழிமிழலை சகோதரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். இரட்டை நாயனம் என்றால் அவர்கள்தான் என்பார். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்பதில்லை விஷயம், ஒருவர் விட்ட மூச்சில் இன்னொருவர் எடுக்க வேண்டும், அதே சமயம் இது யார் கை என்று கேட்கிறவனுக்குத் தெரியவும் வேண்டும். காலேஜில் முதல் தடவை ஜூடாஸ் ப்ரீஸ்ட் கேட்டபோது எனக்குத் தோன்றியது அதுதான். கிதார் வாசிக்கிற ரெண்டு பேரில் கே.கே. டவுனிங் ஒரு மாதிரி கீறிக்கொண்டு வருவார், டிப்டன் கோலம் போடுகிற மாதிரி இழைத்துக்கொண்டு வருவார். மற்ற ஆல்பங்களில் வேகம் அதிகம், ரெண்டு கையும் கலந்துவிடும், பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். ‘பாயிண்ட் ஆஃப் என்ட்ரி’யில் இடம் விட்டு வாசிக்கிறார்கள். ஹெட்ஃபோனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கேளுங்கள், ரெண்டு கிதாருக்கு நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி.

டிரம்ஸ் பற்றிக் குடமுருட்டி அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். டேவ் ஹாலண்ட் சாதாரணமாக வாசிக்கிறார், இவருக்கு முன்னால் இருந்த லெஸ் பிங்க்ஸ் மாதிரி வராது என்பது பழைய புகார். பிங்க்ஸ் ‘எக்ஸைட்டர்’ பாட்டின் ஆரம்பத்தில் காலால் செய்கிற வேலையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்வது நியாயம்தான். அது தனி ஆவர்த்தனம் மாதிரி, விரல் கூடு தெறிக்கிற வாசிப்பு. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு, சாமி வீதி உலா போகும்போது தவில்காரன் தன் வித்தையை முழுக்கக் காட்டினால் சாமி தூக்குகிறவன் கால் தடுமாறும் என்று. டெசர்ட் ப்ளெய்ன்ஸில் ஹாலண்ட் வாசிப்பது நடைக்கு. அந்த உருட்டு வருகிற இடத்தை எண்ணிப் பாருங்கள், எத்தனை கம்மியாக வைத்திருக்கிறார் என்று தெரியும்.

அப்புறம் ‘சோலார் ஏஞ்சல்ஸ்’. இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டு. இதை யாருமே சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம். கிதார் சத்தமே சுழன்று சுழன்று தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருக்கும், அவசரமே இல்லாத நடை. 1981 கச்சேரிகளில் மேடையில் முதல் பாட்டாக இதைத்தான் வாசித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி புறப்பாட்டுக்கு முதலில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்களே, அதேதான். கதவு திறக்கிறது, தீவட்டி வெளிச்சம், உள்ளே இருந்து ஏதோ பெரியது மெதுவாக அசைந்து வருகிறது, ஆரம்பத்திலேயே ஓடக்கூடாது. என் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டார். ‘சுருதி சுத்தமா இருக்குடா, ஏன் இவ்வளவு கோபமா இருக்கானுங்க’ என்றார்.


வெண்ணாறு எழுதியது:

ஒரு ஆளைச் சுற்றி வளைத்து உளுந்து, மல்லாரி என்று அடித்தால் அவன் என்ன செய்வான்?

சரி, நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன், நாற்காலியில் இல்லை, நீடாமங்கலம் ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு ஆற்றுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து. டெசர்ட் ப்ளெய்ன்ஸ் பெரிய பாட்டு, அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. சோலார் ஏஞ்சல்ஸை இத்தனை நாள் சும்மா தாண்டியிருக்கிறேன், அது என் தப்பு. ஆனால் யூ சே யெஸ், ஆல் தி வே இரண்டையும் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். எத்தனை மல்லாரி வாசித்தாலும் அது அப்படித்தான்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்ட 2001 ரீமாஸ்டர் பதிப்பில் கடைசியில் ‘தண்டர் ரோடு’ என்று ஒரு பாட்டு ஒட்டியிருக்கும். அது இந்தக் காலத்துப் பாட்டே இல்லை, எண்பதுகளின் கடைசியில் ‘ராம் இட் டவுன்’ ஆல்பம் சமயத்தில் செய்தது, டிரம்ஸ் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ஆல்பம் ஒட்டவில்லையே என்று சொல்லாதீர்கள். ஆன் தி ரன் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதே பதிப்பில் டெசர்ட் ப்ளெய்ன்ஸ் மேடையில் வாசித்தது இருக்கிறது, அதைக் கேட்கலாம், வேகம் கூடுதல். 1982 மெம்ஃபிஸ் கச்சேரி டிவிடியிலும் உண்டு. சிலருக்கு மேடை வடிவம்தான் உசத்தி. குடமுருட்டிக்கு வேண்டாம், வெற்றிலை சீக்கிரம் போய்ச் சேரும், போலீஸும் சீக்கிரம் பிடிக்கும்.


அரசலாறு எழுதியது:

ஜூடாஸ் ப்ரீஸ்ட்டுக்கு மட்டும் பந்தல் போட்டால் போதுமா? இதே மாதிரி தள்ளிவைத்த பிள்ளை இன்னொரு இங்கிலாந்து மெட்டல் குழுவான பிளாக் சப்பாத் வீட்டிலும் இருக்கிறது, ‘நெவர் சே டை’, 1978. பாடகர் ஓஸி கோபித்துக்கொண்டு போய், டேவ் வாக்கர் என்ற வேறு ஒருவரை வைத்துப் பாட்டுப் போட்டு, அப்புறம் ஓஸி திரும்பி வந்து அந்த ஆளோடு சேர்ந்து செய்ததை நான் பாட மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் ஒரு பாட்டை டிரம்மர் பில் வார்டே பாடிய ஆல்பம். டொராண்டோ குளிரில் பதிவானது. பியானோ வரும், பித்தளை வாத்தியம் வரும், யார் எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்த வருஷம் ஓஸியை அனுப்பிவிட்டார்கள். குடும்பம் உடைகிற சத்தம் அப்படியே கேட்கும், எனக்கு அதனால்தான் பிடிக்கும். யாராவது கேட்டிருக்கிறீர்களா?


பழைய டேப் எழுதியது:

அரசலாறு, அதற்குத் தனி இழை ஆரம்பியுங்கள், நான் வருகிறேன். அதில் வருகிற ‘ஏர் டான்ஸ்’ பாட்டுக்காக மட்டுமே ரெண்டு பக்கம் எழுதுவேன். இங்கே கலந்தால் தம்பியின் கேள்வி காணாமல் போய்விடும்.

வெண்ணாறு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கேட்டதே போதும், மிச்ச ரெண்டு பாட்டை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஆல் தி வே எனக்கும் ஒன்றும் பெரிய பாட்டு இல்லை. ஆனால் இருபது வருஷம் என் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது, அது முடிந்ததும் அந்தப் பட்டன் சத்தம். இப்போதும் அந்த இடம் வரும்போது காது பட்டனைத்தான் தேடும்.

அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. டேப் ரிக்கார்டரும் இருக்கிறது, உள்ளே ரப்பர் பெல்ட் இளகிப் போய் ஓட மாட்டேன் என்கிறது. மாயவரத்தில் கேட்டால் எல்லாரும் செல்போன்தான் பார்க்கிறோம் என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் யாராவது உண்டா?


குடமுருட்டி எழுதியது:

நேற்று எல்லாரும் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன். யூ சே யெஸ் வரும்போது டோல்கேட்டில் எனக்கு முன்னால் ஒரு மணல் லாரி, பத்து நிமிஷம் வாய்த் தகராறு. பாட்டு முடிந்து அடுத்ததும் முடிந்துவிட்டது. ஆக மறுபடியும் கேட்கவில்லை, வெண்ணாறு மன்னிக்கவும். ஆன் தி ரன் மட்டும் அண்ணன் சொன்ன மாதிரி, ஹால்ஃபோர்ட் மேலே போகிற இடத்தில் துவாக்குடி லைட் தெரிந்தது.

பழைய டேப் அண்ணே, கும்பகோணத்தில் பெரிய கடைத்தெரு பக்கம் ஒரு சந்தில் ஒரு பெரியவர் இன்னும் ரேடியோ, டேப் எல்லாம் பார்க்கிறார், பெல்ட் அவரே அளந்து போட்டுத் தருவார். வெள்ளிக்கிழமை கடை கிடையாது. கேசட்டையும் எடுத்து வாருங்கள், அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு வாங்குவார். வருகிற அன்று சொன்னால் பாபநாசத்தில் இருந்து நானே வந்துவிடுகிறேன், அந்தப் பட்டன் சத்தத்தை நானும் ஒரு தடவை கேட்க வேண்டும்.